பூசலார் எடுத்த கோயில்

வழிபாடு அகமென்றும் புறமென்றும் இருவகைப்படும் என்பது சைவ நூல்களிற் பயின்றார் யாவரும் அறிந்தது. மலர், நீர், புகை, ஒளி, அமுது ஆகியவற்றைக் கையாற் கொண்டு திருமேனியின் முன்னின்று செய்வது புறப்பூசை. அவ்வனைத்தையும் உள்ளத்தே பாவித்து, நெஞ்சத் தாமரையில் எழுந்தருளிய பெருமானுக்குச் செய்வது அகப்பூசை. இதனை அந்தரியாகம் என்றும் மானத பூசை என்றும் வழங்குவர். புறப்பூசை எளியார்க்கு உரியது, அகப்பூசை அறிவுடையார்க்கு உரியது என்று ஒரு கொள்கை நெடுநாளாக நாட்டில் உலவி வருகின்றது. அதற்குச் சான்றாகப் பெரியபுராணத்துப் பூசலார் நாயனார் வரலாற்றைக் காட்டுதலும் வழக்கமாகிவிட்டது. மனத்தே கோயில் எடுத்தவர்க்கு இறைவன் முதன்மை தந்தான். கல்லால் எடுத்த வேந்தனைப் பிறிதொரு நாள் வரையில் நிறுத்தினான். ஆகலின் கல்லும் கிரியையும் வேண்டா, நினைவே அமையும் என்று முடிவு கூறுவர். இம்முடிபு சேக்கிழார் திருவாக்கினின்று பிறப்பதா, கூறுவோர் தம் விருப்பத்தினின்று பிறப்பதா என்பது ஆராயத்தக்கது.

காரைக்குடியைச் சூழ்ந்த செட்டிநாட்டில் இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி என்னும் 9 நகரக் கோயில்களைக் கொண்டே நகரத்தார் தம்முள் பிரிவு வகுத்துக்கொண்டனர். ஒருவர் இன்னார் என்று அறிதற்கே அவர் எக்கோயிலைச் சார்ந்தவர் என்று வினவும் நாடு அது. வாணிகக் கணக்கில் மகமை என்று ஒரு கூறு எடுத்துவைத்து, அப்பொருளாற் கோயிலும் அறமும் நடத்தியது அவர் மரபு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் தில்லை, திருவண்ணாமலை, காஞ்சி ஏகாம்பரம் முதலிய பெருந்தலங்களில் நடந்த திருப்பணிகளில் அவர் பொருள் மிகுதியாகச் சென்றது. கடல் கடந்து சென்ற இடத்தும் கோயிலின்றி அவர் வாழ்ந்திலர். சிங்கப்பூரில் தண்டாயுதபாணிக்கு அவர் கோயில் எடுத்தது 1859-ஆம் ஆண்டில்.

இத்தகைய நாட்டில் மனக்கோயிலே போதும் என்பது எளிதாகச் சொல்லிவிடத்தக்க சொல்லன்று. அது மெய்யாயின், தலைமுறை தலைமுறையாகச் செய்யப்பட்ட திருப்பணி யாவும் அறிவு முதிராதார் செயல் என்றாகும். பொய்யாயின், பொருளில்லாத அடியார்க்குப் பூசலார் வரலாறு தரும் பற்றுக்கோடு அற்றுப்போம். இவ்விரு கேடும் நேராமற் புராணத்தின் பொருளைக் காணுதல் கடமையாகின்றது.

முதற்கண், இவ்வரலாறு மூன்று நூல்களிற் படிப்படியாக வளர்ந்த முறையை நோக்கல் வேண்டும். சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகையில் ஊரையும் பெயரையும் மறையோதும் நாவினர் என்னும் சிறப்பையுமே கூறியருளினார். நம்பியாண்டார் நம்பிகள் திருத்தொண்டர் திருவந்தாதியில் ஒரு செய்யுள் அமைத்தார். இறைவனுக்கு ஒரு கோயில் விரைந்து எடுப்பது எந்நாளோ என்று கண்துயிலாமல் இரவுதோறும் மனத்தே நினைந்து அருள் பெற்றவர் பூசலார் என்பதே அச்செய்யுளின் கருத்து. அங்கே காடவர் மன்னன் இல்லை, கனவு இல்லை, அடிநிலையும் சிகரமும் இல்லை. ஏக்கம் ஒன்றே உள்ளது. சேக்கிழார் பெருமான் அவ்வேக்கத்தை எடுத்து வேலையாக மாற்றினார். கோயில் எடுக்க வேண்டுமென்று நினைந்திருந்த அடியாரை, கோயில் எடுத்து முடித்த அடியாராக உலகிற்குக் காட்டியது அவர் திருவாக்கே. இம்மாற்றத்திலேதான் அகப்பூசையைப் பற்றிய அவர் கருத்து அடங்கிக் கிடக்கின்றது.

இனி, சேக்கிழார் கூறும் முறையைக் காண்க. மன்னிய சீர்ச் சருக்கத்தின் முதற்கண் நிற்கும் இப்புராணம் இருபது செய்யுட்குள் அடங்கும் சிறு புராணம். பூசலார் தொண்டைநாட்டு நின்றவூரில் தோன்றிய அந்தணர். இறைவனுக்குக் கோயில் எடுக்க விழைந்து பொருள் தேடினார். எங்கும் தேடியும் சிறிதும் கிடைத்திலது. என் செய்வேன் என்று நைந்தார். அதன் பின்னரே நினைவினாற் பொருள் சேர்க்கத் தொடங்கினார். திருப்பணிக்கு வேண்டும் கருவிகளையும் தச்சரையும் மனத்தே தேடிக் கொண்டார். நல்ல நாள் பார்த்தார். ஆகம முறைப்படி அடிநிலை அமைத்தார். இரவிலும் உறங்காமல் வேலையை நடத்தினார். உபானம் முதலாகிய வரிசைகளை ஒன்றன்மேல் ஒன்றாக எழுப்பிச் சிகரம் வரையிற் கொண்டுசென்றார். தூபி நாட்டிச் சுதை வேலையும் முடித்தார். கிணறு தோண்டினார், மதில் எடுத்தார், குளம் அமைத்தார். பின்னர்த் தாபனத்திற்கு நாள் குறித்தார்.

இதன்கண் கவனிக்கத்தக்கன மூன்று. முதலாவது, பூசலார் கற்கோயிலை இகழ்ந்து மனக்கோயிலைத் தேடினாரல்லர். கற்கோயிலையே விரும்பினார்; அது கைகூடாமையின் அதனையே மனத்தில் எடுத்தார். அவர் உள்ளத்தில் எழுந்தது கல்லுக்கு மாறான வேறொன்றன்று. கல்லாலாகிய கோயிலின் முழுவடிவமே. புறத்தொழிலை வேண்டாவென்பார் இவரைத் தம் கட்சிக்குச் சாட்சியாக அழைத்தல் பொருந்தாது.

இரண்டாவது, மனத்தே எடுக்கும் கோயிலுக்கும் காலம் வேண்டியிருந்தது. நினைவுக்கு எல்லை இல்லையாதலின் ஒரு நொடியில் எழுநிலைக் கோபுரமும் ஆயிரக்கால் மண்டபமும் அமைத்துவிடலாமன்றோ? பூசலார் அவ்வாறு செய்திலர். அடிநிலை முற்றாமல் அதன்மேல் வரிசை எழவில்லை. சிகரம் முடியாமல் தூபி நாட்டப்படவில்லை. நாள் பல சென்றன, உறக்கம் கெட்டது. கையாற் செய்வோர் படும் வருத்தத்தில் ஒரு சிறிதும் குறையாமல் அவர் கருத்தாற் பட்டார். மனம் நினைத்த மாத்திரத்தில் ஓரிடம் விட்டு ஓரிடம் தாவுவது. அதனை ஓரிடத்தே நிறுத்தி, நேற்று வைத்த கல்லின்மேல் இன்று ஒரு கல் வைக்கச் செய்வது மலை பெயர்த்தற்கு ஒப்பாகும். அகப்பூசை செலவில்லாத பூசை என்று கருதுவோர் இப்பகுதியைப் படித்தும் படியாதவரே. பொன் செலவாகாத இடத்தில் மனம் செலவாகின்றது.

மூன்றாவது, ஆகம விதி அகத்தும் வழுவவில்லை. நாள் பார்த்ததும் முறைப்படி அடிநிலை வகுத்ததும் தாபன நாள் குறித்ததும் இதனைக் காட்டும். மனத்தில் எடுப்பதுதானே, விதி எதற்கு என்று அவர் எண்ணவில்லை. விதியின்றிப் பாவித்தால் அது பகற்கனவாய் முடியும். விதியோடு பாவித்தால் பூசையாகும். பகற்கனவில் மனம் தான் விரும்பியதைச் செய்யும். பூசையில் மனம் விதித்ததைச் செய்யும்.

இங்கு, தொல்மயிலை வாயிலார் நாயனாரை உடன்வைத்து நோக்குதல் பயன்தரும். அவரும் அகப்பூசை செய்தவரே. ஆயினும் சேக்கிழார் இருவர் பூசையையும் ஒரே வகையாகக் கூறினாரில்லை. வாயிலார் திறத்தில் மறவாமையே கோயில், உணர்வே விளக்கு, ஆனந்தமே திருமஞ்சனம், அன்பே திருவமுது. ஒவ்வொரு பொருளின் இடத்திலும் ஒரு குணம் நின்றது. பூசலார் திறத்திலோ கல் கல்லாகவே நின்றது. கிணறு கிணறாகவே நின்றது. முன்னவர் பொருளைக் குணமாக மாற்றினார்; பின்னவர் பொருளைப் பொருளாகவே மனத்துள் வைத்தார். திருநாவுக்கரசு சுவாமிகள் உடலைக் கோயிலாகவும் மனத்தை அடிமையாகவும் வைத்துப் பாடிய முறை வாயிலார் நெறியை ஒத்தது. இவ்விரண்டும் அகப்பூசையின் இரு கிளைகள். வாயிலார் நெறிக்கு முதிர்ந்த உள்ளம் வேண்டும். மறவாமை கைவந்தார்க்கே மறவாமையைக் கோயிலாக்க இயலும். பூசலார் நெறியோ தொடங்குவார்க்கும் இடந்தருவது. கண்டறிந்த கோயிலை, கண்டறிந்த முறையிலே நினைத்தல் எவர்க்கும் கூடும். ஆனால் ஒருவர் முன்னர்க் கண்ணாரக் காணாத கோயிலை மனத்தே எவ்வாறு எடுப்பார்? அகக்கோயிலுக்குப் புறக்கோயிலே மூலப்படி. நாட்டில் கற்கோயில்கள் இல்லையாயின், பூசலார் உள்ளத்திலும் கோயில் எழுந்திராது.

சாத்திரமும் இதற்கு மாறுபடாது. அகோரசிவாசாரியர் 12-ஆம் நூற்றாண்டின் இடையில் இயற்றிய பத்ததியில், ஆன்மார்த்த பூசை செய்வோர் உடலையும் இடத்தையும் பொருளையும் மந்திரத்தையும் இலிங்கத்தையும் தூய்மைசெய்யும் ஐந்து சுத்திகளும், அகத்தே செய்யும் அந்தரியாகமும், அதன்பின் நிகழும் புறப்பூசையும் ஒரு முறையாகக் கோக்கப்பட்டிருத்தல் காணலாம். இருதயத்தைப் பூசைத்தானமாகவும், உந்தியை ஓமத்தானமாகவும், புருவநடுவைத் தியானத்தானமாகவும் கொள்ளுதல் சித்தாந்த வழக்கு. அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியார் சுபக்கத்து ஒன்பதாஞ் சூத்திரத்தில் அந்தரியாகத்தைக் கூறியவுடன், புறத்தே பூசிக்குமாற்றையும் கூறுகின்றார். மரத்தினின்று தானே உதிர்ந்த பூவும் அதற்கு ஏற்கும் என்பது அவர் கருத்து. பெரும்பொருள் இல்லாமையும் புறப்பூசைக்குத் தடையன்று என்பது இதனாற் பெறப்படும். நகரத்தார் துலாவூர் மடத்திலும் பாதரக்குடி மடத்திலும் உபதேசம் பெறும் வழக்கமும் இவ்விரு பூசையும் ஒருங்கே நிற்பதை நினைவூட்டும். திருப்பணிக்குப் பொருளீந்த கையே திருவைந்தெழுத்தை எண்ணும் கையுமாகும்.

அற்றேல், இறைவன் நினைவிற்கு எட்டாதவன் என்று சித்தாந்தம் கூறுமே, பாவனையாற் செய்யும் பூசை எவ்வாறு அவனைச் சாரும் எனின், இஃது ஆழ்ந்த வினாவே. சிவஞானபோதத்து ஆறாஞ் சூத்திரத்தின்படி, உயிரின் சுட்டறிவால் அறியப்படுவது அசத்து. மனம் படைத்த கோயிலும் மனம் படைத்த திருவுருவும் சுட்டறிவிற்கு உட்பட்டனவே. எனின், அவற்றுள் இறைவன் எவ்வாறு புகுவான்? இதற்கு விடை பூசலார் புராணத்திலேயே உள்ளது. பூசலார் கோயிலைப் பாவித்தார், நாளையும் குறித்தார். ஆயினும் அக்கோயிலுட் புகுவோம் என்னும் சொல் அவர் வாயிற் பிறக்கவில்லை. மன்னன் கனவில் இறைவன் வாயிலேயே பிறந்தது. இடம் அமைத்தல் அடியார் செயல். எழுந்தருளல் அருளின் செயல். பாவனை இறைவனை உண்டாக்குவதன்று. அவன் வருதற்கு இடம் ஒழித்துத் தருவது. இவ்வகையிற் கல்லும் கருத்தும் ஒரு தன்மையனவே. கல்லும் தானாக இறைவனாகாது. கருத்தும் தானாக இறைவனாகாது. இரண்டினும் விளங்கித் தோன்றுவது அவன் அருள்.

மெய்கண்ட தேவர் நூலின் முடிவையும் நோக்குக. மலம் நீங்கி ஞானம் எய்தியவர்க்கு விதித்த பன்னிரண்டாஞ் சூத்திரத்தில், அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் இறைவன் எனக் கண்டு வழிபடுமாறு கூறப்பட்டுள்ளது. அறிவு முதிராதார்க்கே கோயில் என்பது உண்மையாயின், அவ்விதி நூலின் தொடக்கத்தில் நிற்றல் வேண்டும். அணைந்தோர் தன்மை கூறும் இறுதியில் நில்லாது. கோயிலைத் தாண்டிப் போனவர் கோயிலுக்கே திரும்பி வருகின்றார் என்பது சித்தாந்தத்தின் துணிபு.

இனிக் காடவர் மன்னன் திறத்தைக் காண்போர் சிலர், இறைவன் அவன் திருப்பணியை இகழ்ந்தான் என்பர். புராணத்தில் இகழ்ச்சி எங்கும் இல்லை. காஞ்சிக் கற்றளியின் தாபன நாளை ஒதுக்கிவைக்குமாறு மட்டுமே இறைவன் கூறினான். தாபனமே வேண்டாவென்று கூறவில்லை. அன்றியும், கனவில் தோன்றி உரையாடத் தக்கவனாக அவ்வேந்தன் இருந்தான் என்பதே அவன் அன்பிற்குச் சான்று. பெருஞ்செல்வம் செலவிட்டவன் அவன். நாள் குறித்தவன் அவன். எனினும் ஒரு சொல்லும் மறுத்துரையாமல் அவ்வடியாரைக் காண நின்றவூருக்குப் புறப்பட்டான். ஊராரை வினவினான், இவ்வூரிற் பூசலார் எடுத்த கோயில் ஒன்றும் இல்லை என்றனர். அதன் பின்னும் ஐயுற்றுத் திரும்பாமல் பூசலாரையே நேரிற் சென்று வினவினான். உண்மை அறிந்து நிலத்தில் வீழ்ந்து வணங்கினான். கட்டிய கோயிலைக் காட்டிலும் இவ்வணக்கமே அவன் செய்த பெரும்பணி எனலாம்.

அம்மன்னன் பெயரைச் சேக்கிழார் கூறிற்றிலர். காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலை எடுத்த இராசசிம்ம பல்லவனே அவன் என்று பின்னோர் கொள்வர். அவன் ஆட்சி 8-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியது. அக்கோயிலில் உள்ள வடமொழிச் சாசனம், முன்னை யுகத்து மன்னர் கேட்ட அசரீரி வாக்கை இக்கலியுகத்தில் இவ்வேந்தனும் கேட்டது வியப்பே என்று பாராட்டுகின்றது. அது பூசலாரைப் பெயர் கூறிச் சுட்டாவிடினும், ஆராய்ச்சியாளர் அதனைப் புராணச் செய்தியோடு இணைத்து நோக்கியுள்ளனர். வேந்தனின் கற்றளி இன்றும் காஞ்சியில் நிற்கின்றது; திருவள்ளூர் மாவட்டத்துத் திருநின்றவூரில் இருதயாலீசர் என்னும் திருப்பெயரோடு பூசலார் நினைவைத் தாங்கிய கோயிலும் நிற்கின்றது. ஒன்று மற்றொன்றை அழித்திலது.

சேக்கிழார் தாமும் ஒரு திருப்பணியாளரே என்பதும் மறக்கற்பாலதன்று. அநபாய சோழனிடம் அமைச்சராக இருந்த அவர், தம் ஊராகிய குன்றத்தூரிற் சோழநாட்டுத் திருநாகேச்சரத்தின் பெயரால் ஒரு கோயில் எடுப்பித்தார் என்பது அவர் வரலாறு. உபானமும் தூபியும் சுதையும் அவர் கண்ணாற் கண்டவை. தம் பொருளைக் கல்லில் இட்டவரே பூசலாரைப் பாடினார். தம் செயலைத் தாமே இழித்துரைக்க அவர் பாடினாரென்பது பொருந்துமோ? பொருளுடையார் செய்யும் திருப்பணிக்குள்ளே இருக்கவேண்டிய உயிர் எது என்பதைப் பொருளில்லார் ஒருவரைக் கொண்டு காட்டினார் என்பதே பொருத்தமாம்.

அவ்வுயிர் இன்றேல் நேரும் குறையையும் கூறாதிருத்தல் ஆகாது. பழங்கற்றளிகளைப் பிரித்துப் புதுக்கியபோது முன்னோர் பொறித்த சாசனங்கள் பல இடங்களிற் சிதைந்தன என்று சாசன ஆராய்ச்சியாளர் வருந்தியுள்ளனர். இன்றும் கோயில்களில் ஒரு குழல்விளக்கு அமைத்தாலும் அதன் ஒளியை மறைக்குமளவு உபயகாரர் பெயர் எழுதப்படுகின்றது. பூசலார் எடுத்த கோயிலோ அவர் ஊரார்க்கே தெரியவில்லை. இறைவன் உரைத்திராவிடின் உலகம் அதனை அறிந்திராது. பிறர் அறியாமை அகப்பூசையின் குறையன்று. அதுவே அதன் மதில். புறத்தே பொருளிட்டுத் திருப்பணி செய்வோரும் இம்மதிலைத் தம் நெஞ்சில் எடுத்துக்கொள்ளலாகும்.

பொருள் இழந்தோர்க்கு இப்புராணம் ஆறுதல் கூறுவது என்னும் உரையும் பாதியே உண்மை. 1930-களில் பர்மாவின் கீழ்ப்பகுதி நெல்விளை மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு கூறு நிலம் செட்டிநாட்டு வணிகர் கைக்கு வந்திருந்தது. 1942-இல் ஜப்பானியப் படை புகுந்தபோது அவருட் பலர் உடைமையை விட்டுத் திரும்பினர். 1948-இல் அந்நாட்டில் இயற்றிய நில நாட்டுடைமைச் சட்டம் எஞ்சிய நம்பிக்கையையும் போக்கிற்று. திருப்பணிக்கென்று மனத்தில் எண்ணிவைத்தது பொருளோடு போயிற்று என்று வருந்திய உள்ளங்கள் அந்நாளில் இருந்திருத்தல் இயல்பே. அவர்க்குப் பூசலார் கூறுவது, போனது போகட்டும் என்னும் ஆறுதல் மட்டுமன்று. போனது பொருளே, எண்ணம் போகவில்லையே, அதனைக் கொண்டு இன்றே அடிநிலை இடுக என்னும் ஏவலும் அதில் உண்டு. ஆறுதல் ஒருவனை இருந்த இடத்தில் இருத்தும்; பூசலார் வரலாறு அவனை எழுப்பி வேலை வாங்கும்.

இதுகாறும் கூறியவற்றால், அகப்பூசை புறப்பூசைக்குப் பகையுமன்று, மாற்றுமன்று என்பது பெறப்பட்டது. புறக்கோயில் அகக்கோயிலுக்கு வடிவம் தருகின்றது. அகக்கோயில் புறக்கோயிலுக்கு உயிர் தருகின்றது. பொருளுடையார் உள்ளத்தில் முதலில் எடுத்து அதன்பின் கல்லில் எடுப்பாராக. பொருளில்லார் உள்ளத்தில் எடுப்பதைக் கல்லில் எடுப்பதுபோல் முறை வழுவாமலும் நாள் தவறாமலும் எடுப்பாராக.

புராணத்தின் இறுதி இதற்குச் சான்று பகரும். வேந்தன் வணங்கி மீண்டான். அரசனே தேடிவந்து பணிந்த பின்னர்ப் பூசலார் அவனிடம் பொருள் கேட்டுக் கற்கோயில் எடுத்திருக்கலாம், அவர் கேட்டாரில்லை. நாடெங்கும் தம் புகழ் பரவியது என்று பூசையைக் குறைத்தாருமில்லை. குறித்த நாளில், குறித்த பொழுதில், தாம் எடுத்த கோயிலில் இறைவனை எழுந்தருளுவித்து, அதன்பின் பலநாள் பூசைகள் யாவும் வழுவாது நடத்திப் பெருமான் திருவடி நிழல் சேர்ந்தார். கோயில் எடுத்தலோடு பணி முடிவதன்று. நாள்தோறும் பூசை நடத்தல் வேண்டும் என்பது கற்கோயிலுக்கு உரிய விதி. மனக்கோயிலுக்கும் விதி அதுவே.

திருச்சிற்றம்பலம்